இரண்டு மணியைத் தாண்டிய பெட்டி

தம்பி செத்ததற்கு நான் அழவில்லை. சொந்தக்காரர்கள் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். குளித்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன்.

அவன் விட்டுப்போனது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்துகொண்டு நேரத்துக்கு நேரம் அவன் குரலிலேயே, "பெரியவரே, மாத்திரை!" என்று கத்தும். அப்பாவுக்கு நடுக்குவாதம். மாத்திரை தள்ளிப்போனால் கைகால் கட்டையாக விறைத்துவிடும்.

நெட் இணைப்பு தம்பி பெயரில் இருந்ததால் துண்டித்துவிட்டார்கள். அதுவரை பெட்டி நெட்டில் நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. இப்போது மெல்லப் பின்தங்க ஆரம்பித்தது. முதலில் ஐந்து நிமிடம், அப்புறம் பத்து. தம்பியும் அப்படித்தான். தன் கல்யாணத்துக்கே மூச்சிரைக்க ஓடிவந்தவன்.

"என் ஃபோன்ல அலாரம் வெச்சுத் தரேன்ப்பா."

"வேணாம். அவன் கூப்பிடட்டும்."

அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை. பெட்டியை ஆபீசுக்கு எடுத்துப்போனேன். எனக்கு அங்கே நெட்வொர்க் பராமரிப்பு வேலைதான். நெட் நேரத்தோடு ஒப்பிட்டு, அதன் கடிகாரம் எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று அளந்து, அந்தக் கணக்கை அதற்குள்ளேயே எழுதிவிட்டால், பிறகு நெட் இல்லாமலும் ஒழுங்காக ஓடும். எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி பின்தங்கியது.

பக்கத்து சீட்டு மொட்டை சிரித்தான். "ஏசி ரூம்ல அளந்துட்டு ஃப்ரிட்ஜ் சூட்டுல கொண்டு போய் வெச்சா? சூடு மாறினா அதோட வேகமும் மாறும்னு உனக்கு நான் சொல்லணுமா? மூளையைக் கழட்டி வெச்சுட்டு வந்தியா?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மறுநாள் காலை என் ஃபோனை வீட்டிலேயே விட்டு, அதன் நெட்டைப் பெட்டிக்குக் கொடுத்தேன். இருக்கிற இடத்திலேயே மதியம்வரை வேகத்தை அளக்க வேண்டும், அளந்ததும் மணியைத் திருத்திக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தவா, ஒரேயடியாகத் தாவவா என்று பெட்டி கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாவு என்று தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தால் அப்பா நாற்காலியில் மரம் மாதிரி இருக்கிறார். கழுத்து திரும்பவில்லை. மூடிய கைக்குள் இரண்டு மணி மாத்திரை பாதி கரைந்திருந்தது.

ஐயோ, எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி இரண்டு மணியைப் பார்க்கவே இல்லை. அளந்து முடித்தபோது, பின்தங்கிய அதன் கணக்கில் மணி இரண்டுக்குச் சற்று முன்னால். ஒரே தாவலில் இரண்டைக் கடந்து போய்விட்டது. வராத மணிக்கு அது எப்படிக் கூப்பிடும்? சனியனே என்று என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

"சுவத்துக் கடிகாரம் எதிர்லயேதானே இருக்கு? ரெண்டு ஆனப்பவே போட்டிருக்கலாமேப்பா!"

உதடு அசையச் சிரமப்பட்டார். "கொஞ்ச நாளா லேட்டாத்தானே வர்றான்... வந்துடுவான்னு இருந்தேன்."

புது மாத்திரையை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். பல் இறுகியிருந்தது.

"பெரியவரே, மாத்திரை," என்றேன்.

வாயைத் திறந்தார்.

வெகுநேரம் கழித்து விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளங்கையைத் துடைத்துவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்குச் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் நேராக வந்து நிற்கவும் ஃப்ரிட்ஜ் மேலிருந்து அவன் கத்தவும் சரியாக இருந்தது. அப்பா முள்ளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நேரத்துக்கு வந்துட்டானே!"

"சரிபண்ணிட்டேன்ப்பா. இனிமே லேட்டாகாது."

மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். தம்ளரை என்னிடம் நீட்டினார்.

"அப்போ இனிமே அவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேணாம்."

வேண்டாம்ப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.