குளவி அடைத்த குழாய்

இரண்டு மாதம் ஓட்டாமல் கிடந்த காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனார் ஞானரத்தினம். சங்கரன்கோவிலில் கணக்கு வாத்தியார். ஊரில் நல்ல பெயர்.

பெட்ரோல் போட்ட மாரிசெல்வி பம்பை அழுத்த அழுத்த, அது ‘டக்’கென்று நின்றுகொண்டே இருந்தது. பின்னால் பைக்குகள் ஹாரன் அடித்தன.

“ஏம்மா, விட்டு விட்டுப் போட்டு ஏமாத்துதியா?”

“இல்ல சார், டேங்க் வாங்க மாட்டேங்கு. வண்டியிலதான் கோளாறு.”

“திருட்டுத்தனம் பண்ணிட்டு என் வண்டியவா சொல்லுத?”

கூட்டம் கூடிவிட்டது. ஞானரத்தினம் மேனேஜர் முத்துக்கிருஷ்ணனிடம் புகார் எழுதியும் கொடுத்தார். வாத்தியார் பொய் சொல்வாரா? மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் திருவேங்கடத்தில் வேறொரு பங்க்கிலும் அதே ‘டக்’. நேரே மெக்கானிக் ஆரிப்பிடம் போனார். ஆரிப் காருக்கு அடியில் படுத்து, ஒரு குழாயிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்தான்.

“குளவி கூடு கட்டிருக்கு சார். பெட்ரோல் உள்ள போகப் போக டேங்க்ல உள்ள காத்து இது வழியாத்தான் வெளிய வரணும். அது அடைச்சா பெட்ரோல் எதுக்களிச்சு வரும், பம்பு தானா நின்னுரும்.”

“அப்ப போடுதவங்க மேல தப்பில்லையா?”

“அவங்க என்ன சார் செய்வாங்க?”

ஞாயிறு சர்ச் ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது அவர் மாரிசெல்வியைத்தான் நினைத்தார். மறுநாள், அவள் இப்போது எங்கே வேலை பார்க்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனார். மாரிசெல்வி பிச்சிப்பூவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு என் மேலதாம்மா. மன்னிச்சிரு.”

அவள் கை நிற்கவில்லை. “இப்ப காதோட சொல்லுதீங்க. அன்னைக்கு அத்தன பேர் முன்னால சொன்னீங்க.”

அன்று சாயங்காலம் பங்க்கில் கூட்டம் நெரியும் நேரத்தில் அதே பம்பு பக்கத்தில் நின்று, “மாரிசெல்வி எதையும் எடுக்கல. நாந்தான் அபாண்டமாப் பழி போட்டேன்” என்று சத்தமாகச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். முத்துக்கிருஷ்ணன் சங்கடத்தோடு, “அவள வேலைக்கு வரச் சொல்லுங்க சார்” என்றார்.

அதைச் சொல்ல மறுபடி மார்க்கெட்டுக்குப் போனார்.

“வரமாட்டேன் சார்,” என்றாள். “வேலைய விடுங்க. எங்க வீட்டுக்காரரே ஒருநாள் கேட்டுட்டாரு, நெசமாவே எடுத்தியான்னு. அவருட்ட வந்து சொல்லுவீங்களா?”

போனார். அவள் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கணவன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்துகொண்டான். தான் செய்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் ஞானரத்தினத்துக்கு முழுசாக உறைத்தது.