இடம் மாற்றிய வசனம்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் பயம் வரும். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பல் பிடுங்குவதில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பைபிளில் பிரசங்கி என்ற புத்தகத்தைப் படிப்பார்கள். வாழ்க்கைக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிறோம் என்று பெரிதாகத் தொடங்கிய குழு; இதுவரை கண்டது டீயும் பிஸ்கட்டும்தான்.

ஆனாலும் குழுவில் ஒருத்தியான தையல்காரிக்கு அன்று பயம்தான். ஆளுக்கொரு வசனம் என்பது அங்கே வழக்கம். வாசித்தவர், அது தன் வாழ்க்கையில் எங்கே தொடுகிறது என்று சொல்லியாக வேண்டும். மழுப்பினால் டாக்டர் விடமாட்டார், சொத்தைப் பல்லைத் தேடிப் பழகிய கண்.

அவள் முன்கூட்டியே நாற்காலிகளை எண்ணிப் பார்த்தாள். பிறக்கவும் சாகவும் நேரம் உண்டு என்கிற வசனம் சரியாக அவள் தலையில்தான் விழுந்தது. மார்பில் கட்டி. ஊசியால் எடுத்த சதையின் சோதனை முடிவு திங்கட்கிழமை வரும். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வசனத்தை வாயால் வாசித்தால் முடிவும் அப்படியே ஆகிவிடும் என்று நடுங்கினாள். இப்படியும் நினைப்பார்களா என்று கேட்காதீர்கள். பயத்துக்குப் புத்தி ஏது?

"என்னங்க, ஃபேன் காத்து நேரா தலைல அடிக்குது. இடம் மாத்திக்கலாமா?"

பக்கத்தில் இருந்த, பஸ் ஓட்டுகிற புருஷன் மறுபேச்சில்லாமல் எழுந்து மாறி உட்கார்ந்தான். அவளுக்கு மூச்சு வந்தது. டாக்டர் முதல் வசனத்தை வாசிக்க ஆரம்பித்ததும்தான் உறைத்தது. சாவை எடுத்து யார் தலையில் வைத்திருக்கிறாள்! கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அதற்குள் அவன் முறை வந்துவிட்டது.

அவன் தடுமாறாமல் வாசித்து முடித்தான்.

"எங்க தொடுது, டிரைவர்?" என்றார் டாக்டர்.

"பயமா இருக்கு, டாக்டர்." அவன் தரையைப் பார்த்தான். "இவ குழாயத் தொறந்துவிட்டுட்டு பாத்ரூம்ல அழறா. என்னன்னு கேக்கத் தைரியம் வரல. கேட்டா சொல்லிடுவாளோன்னு."

யாரும் டீயைத் தொடவில்லை. அடுத்த முறை அவளுடையது. அவள் பைபிளைப் பார்க்கவே இல்லை.

"கட்டி இருக்குங்க. திங்கக்கிழம ரிசல்ட்டு."

டாக்டர் பைபிளை மூடினார். புருஷன் முகம் வெளிறிப்போயிற்று. அவளுடைய பயம் இம்மியும் குறையவில்லை. ஆனால் எதற்காகப் பிழைக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் யாராவது கேட்டிருந்தால், பக்கத்து நாற்காலியைக் காட்டியிருப்பாள்.

"திங்கக்கிழம ஆஸ்பத்திரில ரூமுக்குள்ள கூப்பிட்டா, கூட வருவீங்களா?" என்று கேட்டாள்.

"நான் முன்னாடி போறேன்," என்றான். "நீ என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே வா."