ஜாஸ்பின் சீட்டுக்கு அடியில் ஈரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும் என்பார்கள். எனக்கு ஹாரன் அடிக்கிற பழக்கம்தான் வந்தது. அன்னவாசலில் சேவுகன் வேன் என்றால் எல்லாருக்கும் தெரியும். பதினான்கு பிள்ளைகள், ஒரு நாள் லேட் கிடையாது. அந்த மிதப்பில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரம். காலையில் வேனைத் துடைத்து எடுக்கும்போது தரை காய்ந்திருக்கும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் கதவோரத்து முதல் சீட்டுக்கு அடியில் ரப்பர் மேட் ஓரமாக ஈரம் கசிந்து நிற்கும். கூடவே ஒரு புளித்த நாற்றம். கூரையைத் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக்கும் கண்ணாடி ரப்பரையெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒழுகல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த சீட்டில் உட்காருகிறவள் ஜாஸ்பின். இரண்டாம் வகுப்பு. வாயைத் திறந்து பேசவே கூலி கேட்கிற பிள்ளை.

"அங்கிள், ஜாஸ்பின் ஒண்ணுக்குப் போயிட்டா" என்று பின் சீட்டிலிருந்து வெற்றிசெல்வன் கத்தினான். வேன் முழுக்கச் சிரிப்பு. நான் பெரிய மனுஷனாக நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "ஏம்மா, வீட்டுலயே போயிட்டு வர மாட்டியா? இது வேனா, கக்கூஸா?" என்றேன்.

அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, அழவும் இல்லை. இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள். மறுநாளும் ஈரம். நான் மறுபடியும் முறைத்தேன். அந்த வாரம் முழுக்க அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் அவள் அம்மா அருள்ராணி என் வீட்டுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைக்கிற கடை வைத்திருக்கிற பெண். சண்டைக்குத்தான் வருகிறது என்று நினைத்து நான் நாலு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது சண்டை போடவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டியது. கழுத்து வரை நிறைந்திருந்தது.

"இதப் பாருங்கண்ணே. காலையில நான் ஊத்திக் குடுத்த தண்ணி. நாலு நாளா இப்படியேதான் திரும்பி வருது. குடிச்சாத்தானே ஒண்ணுக்கு வரும்னு குடிக்கவே மாட்டேங்குறா. ராத்திரி வயிறு வலிக்குதுன்னு சுருண்டுக்கிறா. வர்ற திங்கக்கெழமையிலேர்ந்து பள்ளிக்கூடமே வேணாங்குறா."

நான் பாட்டிலை வாங்கித் தூக்கிப் பார்த்தேன்.

"தண்ணியே குடிக்காத புள்ள எப்படிண்ணே ஒங்க வேன நனைப்பா?"

தயார் செய்த நாலு பதிலும் சண்டைக்கானவை. ஆனாலும் வீம்பு விடவில்லை. "கூரையில ஒழுகல் இல்லையேம்மா" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. பூசை முடிச்சிட்டு வாரேன். வண்டிய இங்கிட்டு அங்கிட்டு நகத்தாதீங்க. எப்பவும் நிக்கிற மாதிரியே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனது. அவர்கள் சர்ச்சில் நடப்பதையும் பூசை என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வேலையாக ரப்பர் மேட்டைத் தூக்கியது. அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கி நின்றது. என் வீட்டு வாசலில் வண்டியின் முன்பக்கம் மேடு, பின்பக்கம் பள்ளம். "ரப்பருக்கு அடியிலயே கெடக்குண்ணே. புள்ளைக ஏறி மிதிக்கயில வெளிய வருது" என்றது.

"அது பழைய ஈரமா இருக்கும்" என்றேன். என் வாயை என்ன சொல்ல.

"இருக்கலாம்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தது. கதவுகளைத் திறந்துபோட்டுத் தரை காயும் வரை காத்திருந்தது. பிறகு என் மனைவி சொர்ணவல்லியைக் கூப்பிட்டு, "அக்கா, கோலமாவு இருக்குமா? அரிசி மாவு வேணாம், கூழாப் போயிரும். கல்லு மாவு குடுங்க" என்றது.

அந்த மாவை வேனின் தரை முழுக்க மெல்லியதாகத் தூவியது. தூவி முடித்து என்னைப் பார்த்து, "நீங்க ஏறி ஜாஸ்பின் சீட்ல ஒக்காருங்க" என்றது.

முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தேன். சொர்ணவல்லி ஹோஸ் பைப்பைக் கூரைக்கு மேல் தூக்கினாள். அருள்ராணி தடுத்துவிட்டது. "மேல ஊத்துனா எல்லா எடமும் நனைஞ்சிரும்க்கா. எது ஒழுகுதுன்னு தெரியாது. கீழேர்ந்து போவோம். ஒரு எடத்துக்கு அஞ்சு நிமிஷம்."

முதலில் கதவின் அடி. பிறகு கதவுக் கண்ணாடி. பிறகு பக்கக் கண்ணாடிகள், பின்கதவு. ஒவ்வொன்றுக்கும் செல்போனில் மணி பார்த்து அஞ்சு நிமிஷம், குறையவில்லை, கூடவில்லை. மாவு வெள்ளையாக அப்படியே கிடந்தது. நானாக இருந்தால் பத்தாவது நிமிஷத்தில் பைப்பை எறிந்திருப்பேன். அரை மணி நேரம் கழித்து, 'நான்தான் சொன்னேனே' என்கிற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் ஓரமாகத் தண்ணீரை விட்டார்கள். மூணாவது நிமிஷம் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து மாவின் மேல் ஒரு கோடு கிளம்பியது. யாரோ விரலால் இழுத்த மாதிரி நெளிந்து, வளைந்து, நேராக என்னிடம் வந்தது. என் கால் கட்டைவிரல் நனைந்தது. அந்த ஈரம் பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. ஒரு வாரம் அந்தப் பிள்ளை காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இந்த இடத்தில்தான்.

"வந்துருச்சும்மா" என்றேன்.

அருள்ராணி பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கிற சல்லடை மூடியைக் கழற்றியது. உள்ளே கரும்பழுப்பில் ஒரு கூழ். செவ்வந்தி இதழ், ஊறி உப்பிய பொரி, ஒரு மாவிலை. மழைத்தண்ணீர் வெளியே போகிற துளையை அடைத்துக்கொண்டு கிடந்தது. போக வழியில்லாத தண்ணீர், காற்று வருகிற ஓட்டை வழியாக வேனுக்குள் இறங்கியிருக்கிறது. நாற்றமும் அதனுடையதுதான்.

ஆயுத பூஜைக்குக் கண்ணாடிக்குக் கீழே மாலை சாத்திப் பொரியை அள்ளித் தூவியது நான். "மறுநாளே மாலைய எடுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் சொர்ணவல்லி. உண்மை. சாமிக்குப் போட்டதைக் கையால் பிய்க்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று சட்டம் பேசியவனும் நான்தான். அது தானாகத்தான் உதிர்ந்திருக்கிறது.

அருள்ராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்க பூசைதாண்ணே அடைச்சிருக்கு" என்றது. சிரித்துக்கொண்டே அந்த அழுகல் முழுவதையும் ஒரு இதழ் விடாமல் பேப்பரில் வழித்து என்னிடம் நீட்டியது. "சாமிக்குப் போட்டது. கால் படாத எடமாப் பாத்துக் கொட்டுங்க."

கம்பியை விட்டுக் குத்தியதும் தண்ணீர் முன்டயர் பக்கம் கொட்டிப் போயிற்று. அதோடு விடவில்லை. தரையை மறுபடி துடைத்து, காயவைத்து, மாவு தூவி, அதே இடத்தில் இன்னொரு அஞ்சு நிமிஷம் தண்ணீர் விட்டுப் பார்த்தது. மாவு கலையவில்லை. என் சர்வீஸில் எத்தனையோ மெக்கானிக்கைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு நிதானத்தைப் பார்த்ததில்லை. தெருவில் நின்று என்னை நாறடிக்க அந்தப் பெண்ணுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அதை விட்டுவிட்டுக் கோலமாவைக் கேட்டு வாங்கித் தூவியது. மனசுக்குள் கும்பிட்டேன்.

"தப்பு என்னோடதும்மா" என்றேன்.

"எங்கிட்ட சொல்லாதீங்கண்ணே. வேன்ல வச்சுத்தானே அவளக் கேட்டீங்க. வேன்லயே சொல்லுங்க."

திங்கட்கிழமை பதினான்கு பிள்ளைகளும் ஏறிய பிறகு வண்டியை ஓரங்கட்டினேன். ஜாஸ்பின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். "ஜாஸ்பின் ஒண்ணும் பண்ணல. நான் போட்ட மாலை அழுகி அடைச்சுக்கிச்சு, மழைத்தண்ணி உள்ள வந்துருச்சு. பாக்காமக் கொள்ளாம அந்தப் புள்ளையத் திட்டினேன். தப்பு என் மேல" என்றேன்.

பின் சீட்டிலிருந்து வெற்றிசெல்வன், "அப்ப வேன நனைச்சது நீங்களா அங்கிள்?" என்றான்.

"ஆமாடா. நான்தான்."

வேன் முழுக்கச் சிரிப்பு. கண்ணாடியில் பார்த்தேன். ஜாஸ்பினும் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒரு காலை இறக்கினாள். தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த காலையும் இறக்கினாள்.

சாயந்தரம் பாதி வழியில் என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் நீண்டது. காலியாக இருந்தது.

"அங்கிள், தண்ணி தீந்து போச்சு."

டீக்கடை ஓரமாக வேனை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அன்றைக்குச் சேவுகன் வேன் ஆறு நிமிஷம் லேட்.