ஸ்டெய்னுன் பின்னிய ஸ்வெட்டர்

ஆடுகளை மலையிலிருந்து இறக்கி, அவரவர் பட்டியில் அடைத்த மறு வியாழக்கிழமை, பின்னல் சங்கத்தின் பன்னிரண்டாம் ஆண்டைத் தலைவி ஸ்டெய்னுன் சர்ச் கூடத்தில் ஒரு சொற்பொழிவோடு தொடங்கிவைத்தாள். கைப்பின்னலில் ஆன்மா இருக்கிறது, எந்திரப் பின்னலில் எண்ணெய் நாற்றம்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். ஆண்டுதோறும் அதுதான் சாரம். இத்தனை ஆண்டுகளில் தொடங்கிய சொற்பொழிவு எதையும் அவள் பாதியில் விட்டதில்லை. பின்னல்களில் மட்டும் இரண்டைத்தான் முடித்திருந்தாள். அதில் ஒன்று காபிக் கெண்டிக்கு உறை.

அன்று அவள் மருமகள் லில்யா கடையில் வாங்கிய ஸ்வெட்டரோடு வந்துவிட்டாள். ஸ்டெய்னுன் அதைக் கழற்றச் சொல்லி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, பக்கவாட்டுத் தையலை எல்லாருக்கும் பிரித்துக் காட்டினாள்.

"நல்லா பாத்துக்குங்க. மனுஷக் கை இப்படிப் பண்ணுமா? மெஷின் துப்பிப் போட்டது இது."

"துப்பினதா இருந்தாலும் கதகதன்னு இருக்கும்டி," என்றாள் பெர்க்தோரா. "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. தலைவி ஊர்ல இல்லாதப்ப போட்டுக்கறேன்."

கூடம் சிரித்தது. மெல்லிய சட்டையோடு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த லில்யாவின் தோளில், ஸ்வாவா தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, மறுபடி தன் ஊசியில் இருந்த பின்னல் கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள். அவள் பேசுவதைவிட எண்ணுவதுதான் அதிகம்.

சிரிப்பு தன் பக்கம் இல்லை என்று ஸ்டெய்னுனுக்குச் சூடேறியது. "இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் மகன் இங்வாருக்கு என் கையால ஒரு ஸ்வெட்டர். வேணும்னா எழுதி வெச்சுக்குங்க."

யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

அக்டோபர் முழுக்க நூலின் நிறம் தேர்ந்தெடுப்பதில் போயிற்று. நவம்பரில் கழுத்து வந்தது. பூனைக்குட்டியின் தலைகூட நுழையாது. பிரித்தாள். திரும்பப் பின்னினாள், இப்போது இங்வாரும் லில்யாவும் சேர்ந்தே நுழையலாம். பிரித்தாள். கிறிஸ்துமஸுக்கு முன் வாராவாரம் ஏற்றும் மெழுகுவத்திகளில் மூன்றாவதை ஏற்றும் ஞாயிறு வந்தபோது கையில் இருந்தது ஸ்வெட்டரின் ஒரே ஒரு கை. கிறிஸ்துமஸுக்குப் புதுத் துணி கிடைக்காதவர்களை ராட்சசப் பூனை தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். முப்பத்தாறு வயது இங்வாரைப் பூனை என்ன செய்யும்? ஸ்டெய்னுன் பயந்தது சங்கத்துக்கு.

அடுத்த நாள் பனியில் ஒன்றரை மணி நேரம் காரோட்டி, அடுத்த கடற்கழியோரம் இருக்கும் பழைய துணிக் கடைக்குப் போனாள். சூரியன் பேருக்குத் தலைகாட்டும் டிசம்பரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனவள் அவள் ஒருத்திதான். கடைக்காரி மறந்திருக்க மாட்டாள். சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று கிடைத்தது. தோளைச் சுற்றி வெள்ளைப் பூக்கள், சுத்தமான கைப்பின்னல். வீட்டில் அலசி, விரித்துக் காயவைத்து, காகிதம் சுற்றி, மேலே "அம்மாவின் கையால்" என்று எழுதினாள். எழுதக் கூசியது. ஆனாலும் எழுத்து அழகாகவே வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மாலை அவள் வீட்டில் காபி விருந்து. பெர்க்தோரா வந்திருந்தாள். தன் தம்பி ஹாக்கோன் வசந்தத்தில் இறந்துபோனதிலிருந்து தனியாக இருக்கும் ஸ்வாவாவும் வந்திருந்தாள். இங்வார் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, புகைபோட்ட ஆட்டிறைச்சித் தட்டோடு எல்லாரிடமும் போய்வந்தான்.

அவன் முதுகைக் காட்டித் திரும்பியதும் ஸ்வாவா எழுந்தாள். இடது தோளின் பின்னால் ஒரு பூவின் மேல் விரலை வைத்தாள். அந்தப் பூவில் ஓர் இதழ் மட்டும் பழுப்பு.

ஸ்டெய்னுன் அந்த இதழை அப்போதுதான் பார்த்தாள். அலசியிருக்கிறாள், காயவைத்திருக்கிறாள், மடித்திருக்கிறாள். பின்னியவளுக்குத்தானே ஒவ்வொரு பூவும் தெரியும். போன குளிர்காலத்தில் ஹாக்கோன் போட்டிருந்தது இதுதான் என்று இப்போது நினைவு வந்தது.

"நல்ல பின்னல்," என்று சொல்லிவிட்டு ஸ்வாவா போய் உட்கார்ந்துகொண்டாள்.

லில்யா ஆசையோடு வந்தாள். "ஸ்டெய்னுன், எனக்கும் சொல்லிக்குடுங்களேன். தோள்கிட்ட கண்ணியை எங்கேர்ந்து குறைச்சுட்டு வந்தீங்க?"

ஸ்டெய்னுன் காபிக் கெண்டியின் உறையைச் சரியாக இழுத்துவிட்டாள். மூலையிலிருந்து ஸ்வாவா பதில் சொன்னாள்: "பூ முடிஞ்ச வரிசைல, மூணுக்கு ஒண்ணு. அப்படித்தான் பண்ணியிருக்கா."

ஸ்வாவா அறைந்திருந்தால்கூட ஸ்டெய்னுன் தாங்கியிருப்பாள்.

"இதை நான் பின்னல," என்றாள் ஸ்டெய்னுன். "ஸ்வாவா பின்னினது."

பெர்க்தோரா கைதட்டினாள். "பாத்தீங்களா! முறை ஸ்வாவாவோடதுன்னு பேரையும் அவளுக்கே குடுக்கறா. பன்னெண்டு வருஷத்துல தலைவி இப்படி அடக்கமாப் பேசி நான் கேட்டதே இல்ல!"

இங்வார் அம்மாவின் உச்சியில் முத்தமிட்டான். ஒரு மிடறு காபி இறங்கும் நேரம் ஸ்டெய்னுன் அந்தப் புகழில் உட்கார்ந்திருந்தாள். சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழுந்தாள். "அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழைய துணிக் கடைல வாங்கினேன். ஹாக்கோனுக்கு ஸ்வாவா பின்னினது. நான் துவைச்சேன், அவ்வளவுதான்."

லில்யா கோபப்பட்டிருக்கலாம்; அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. அவளோ மாமியாரைப் பார்க்கக் கூசி, தட்டைப் பார்த்தாள். இங்வார் அவசரமாக ஸ்வெட்டரைக் கழற்றப் போய், தலை சிக்கி, இரண்டு கையும் மேலே தூக்கியபடி நின்றான்.

"விடுப்பா, போட்டுக்கோ," என்று ஸ்வாவா அதைக் கீழே இழுத்துவிட்டாள். "நான்தான் மூட்டையாக் கட்டிக் குடுத்தேன். யாராவது போட்டுக்கட்டும்னுதானே." பிறகு ஸ்டெய்னுனிடம் திரும்பினாள். "அங்க இதை எப்படி வெச்சிருந்தாங்க? மாட்டி வெச்சிருந்தாங்களா?"

அது ஓர் அட்டைப்பெட்டியின் அடியில், யாரோ குழந்தையின் கால்சட்டைக்குக் கீழே கசங்கிக் கிடந்தது. ஒரு கை உள்பக்கமாகச் சுருண்டிருந்தது.

"வாசல்லயே மாட்டியிருந்தாங்க," என்றாள் ஸ்டெய்னுன். "உள்ள நுழைஞ்சதும் கண்ல பட்டது அதான்."

ஸ்வாவா அவளைச் சற்று நேரம் பார்த்தாள். "அப்ப சரி," என்றாள்.

காதுவரை சிவந்துபோய் ஸ்டெய்னுன் காபிக் கெண்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கெண்டியில் காபி நிறையத்தான் இருந்தது.