ரொம்மனில் பூத்த கிரெவில்லியா

என் மருமகள் தர்மிகா மெல்பேர்னில் பிறந்து வளர்ந்தவள். என் மகன் கோபிகனைக் கட்டி இந்தக் குளிர்நாட்டில் நாங்கள் இருக்கும் ரொம்மனுக்கு வந்த முதல் கோடையில், கிரெவில்லியா என்ற பூச்செடி ஒன்றை வாங்கி வந்தாள். மெல்பேர்னில் அவள் தகப்பன் வீட்டு வேலியோரம் முழுக்க அதுதானாம். வீடியோ அழைப்பில் அதைக் கண்ட சம்பந்தி அருளானந்தன் சிரித்தார்.

“உங்கட குளிருக்கு இது ஒரு வருசம் தாங்காது, சம்பந்தி. என்ர பிள்ளையாவது தாங்குவாளோ தெரியாது.”

எங்கள் குடும்பத்துக்கு வாழ வந்த பெண் எவளும் வாடியதில்லை.

“பங்குனியில வாறியள்தானே. பூவோட காட்டுறன்,” என்றேன்.

ஐப்பசியில் இலையோரங்கள் கருகின. என் மனைவி விமலாதேவி மீன் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றி வந்திருக்கிறாள். குசினி யன்னலில் நிற்கும் கறிவேப்பிலை அந்தத் தண்ணீரில்தான் கொழுத்தது.

“மாமி, இது சத்தில்லாத மண்ணில வளருற சாதி. மீன் தண்ணியில இருக்கிற பொஸ்பரஸ் இதுக்கு நஞ்சு,” என்றாள் தர்மிகா.

“வீட்டுக்கு வந்ததைப் பட்டினி போடுறதோ? சனம் என்ன கதைக்கும்?” விமலாவின் கண் கலங்கிவிட்டது.

எனக்கும் உறுத்தியது. எங்கள் வாசலுக்கு வந்த எவரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. ஆனால் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. வேரை அலசி, மணலும் பைன்மரப் பட்டைத் தூளும் கலந்து, நீர் தேங்காத சாடியில் மாற்றி வைத்தேன். உரம் என்று ஒரு துளியும் இல்லை.

மார்கழியில் விமலா அதை ஹோலுக்குள் தூக்கி வரப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, விறைச்சுப் போகுது.”

“சூட்டுக்குள்ள வைச்சால் பூக்காது. அங்கையே நிக்கட்டும்.”

கண்ணாடி அடைத்த பல்கனியில் வெளிச்சம் விழும் மூலை அதற்கு. மண் உறையாமல் இருக்க மட்டும் ஒரு சின்ன ஹீற்றர். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீரோடு வந்த விமலாவைக் கதவிலேயே மறித்தேன்.

“பெரிய சிறைக் காவல்காரன்,” என்று திட்டிக்கொண்டு போனாள்.

பங்குனியில் அருளானந்தன் வந்தபோது வெளியே பனி இன்னும் உருகவில்லை. சப்பாத்தைக் கழற்றியவர் ஜக்கெற்றைக் கழற்றாமலே நேரே பல்கனிக்குப் போனார். கொப்புக்குக் கொப்பு சிவப்பு. சிலந்திக் கால்கள் போலச் சுருண்ட பூக்கள்; கண்ணாடிக்கு அப்பால் பனியின் வெள்ளை.

“கடையில வாங்கிக் கட்டிவிட்டியளோ?”

“தொட்டுப் பாருங்கோ.”

தொட்டார். விரலில் தேன் ஒட்டியது. நக்கிப் பார்த்துவிட்டு மகளின் பக்கம் திரும்பினார். கன்னம் உப்பிய தர்மிகா சிரித்துக்கொண்டு நின்றாள்.

“செடிக்குக் குடுக்காததெல்லாம் மாமி எனக்குத்தான் போட்டவ, அப்பா!”

அவர் குனிந்து சாடி மண்ணைக் கிளறிப் பார்த்தார். “என்ன உரம் போட்டனியள், சம்பந்தி?”

“ஒண்டும் குடுக்கேல்லை,” என்றேன், நிமிர்ந்து நின்று. எங்கள் வீட்டில் இந்தச் சொல்லை ஒருவர் தலை குனியாமல் சொன்னது இதுவே முதல் தடவை.

பிறகு விமலாவைக் கூப்பிட்டு, சம்பந்தி போதும் போதும் என்று கையால் மறித்தாலும் விடாமல் சோறு போடச் சொன்னேன்.