கருமாதிப் படம்

அன்னக்கொடிக்குக் கருமாதி முடிந்த மறுநாள், துக்கம் மாற்றப் படத்துக்குக் கூட்டிப்போகிற வழக்கப்படி, அவள் அண்ணன் காளை சுருளியைக் கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏற்றினான். மதியக் காட்சி. புது கலர்ப் படம்.

பெண்டாட்டி போன பதினாறு நாளும் சுருளிக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கும் கூப்பிட்டார்கள், வந்தான்.

மற்ற நாளில் அவன் சரியான சினிமாக் கிறுக்கன். ஊரில் எந்தப் படத்துக்கும் அவன் சொல்வதுதான் தீர்ப்பு. பழைய படத்தில் சாகக் கிடப்பவர் முழுப்பாட்டையும் பாடி முடிக்காமல் கண்ணை மூடமாட்டார் என்பான். புதுப் படத்தில் சட்டென்று சாகிறார்கள், ஆனால் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்க் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள் என்பான். எந்தப் படத்தில் யார் செத்தாலும் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் அன்னக்கொடியை இடிப்பான்.

"பொணத்தோட வயித்தப் பாரு, ஏறி இறங்குது."

"நிம்மதியா அழக்கூட விடமாட்டியாய்யா?" என்று அவள் எரிந்து விழுவாள்.

இந்தப் படத்திலும் இடைவேளைக்கு முன்பே கதாநாயகனின் அம்மா செத்தாள். காளை துண்டில் மூக்கைச் சிந்தினான். சுருளி கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் விட்டு வெளியே வந்ததும் காளை பேச்சுக் கொடுத்தான்.

"படம் எப்படி மாப்ள?"

"தேவலை மச்சான்."

"அந்தம்மா சாகுறத அசலா எடுத்திருக்கான்ல?"

"எங்க? ரெண்டு தடவ மூச்சு விட்டுச்சே."

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் சுருளி சொன்னான்.

"அன்னக்கொடிய வாசல்ல போட்டிருந்தப்ப, தூக்குற வரைக்கும் வயித்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன் மச்சான்."