நாலாவது போல்ட்

புதுப் பம்ப் மெட்ராஸிலிருந்து ரயில் பார்சலில் வந்து சேர்ந்த அதே காலையில்தான் என் தங்கை சிவனம்மாள் செத்துப்போன செய்தியும் வந்தது. அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். திண்டுக்கல் பேகம்பூரில் நானும் கிதர் முகம்மதுவும் கூட்டாக நடத்திய பட்டறையில், பார்சலைப் பிரித்துப் பம்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைக் கட்டிக்கொடுத்த கன்னிவாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய ஊராள் வீரன் வாசலில் நின்று துண்டை இடுப்பில் கட்டினான். அவன் நின்ற விதத்திலேயே கேதம் சொல்ல வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

"தங்கச்சி தவறிருச்சுங்க. விடியக்காலம். நாலு நாளாக் காச்சலு. மாப்பிள்ளை உங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னாரு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறாக."

நான் அழவில்லை. நாலு நாள் காய்ச்சலாகக் கிடந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லி விடவில்லையே என்று கோபம்தான் வந்தது. சொல்லி விட்டிருந்தால் மட்டும் போயிருப்பேனா? அந்த வீட்டு வாசலை மிதித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சிவனம்மாளின் மூத்த பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். நான் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மணையில் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக்கின் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. அதைப் பார்த்துவிட்டு என் தங்கை புருஷன் வேலுசாமி, "பாத்து மச்சான், பிள்ளை மேல கிரீஸ் வாசம் ஏறிரப் போகுது" என்றான். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சானை மாப்பிள்ளை கேலி செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? அது எனக்கு இன்றைக்கும் தெரியும், அன்றைக்கும் தெரிந்தது. ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் உதவாது. எழுந்து விறுவிறுவென்று நடந்துவிட்டேன். சிவனம்மாள் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் "அண்ணே, வாண்ணே" என்று பின்னாலேயே ஓடி வந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். பிள்ளைக்கு யாரோ ஒரு பங்காளியின் மடியில் காது குத்தினார்கள். பிறகு இரண்டு பொங்கலுக்கு அவள் என் வீடு தேடி வந்தாள். அவள் திரும்பிப் போகும்வரை நான் பட்டறையைவிட்டு நகரவில்லை.

இப்போது போகாமல் இருக்க முடியாது. புருஷன் இருக்கும்போதே போய்ச் சேர்ந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து, அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். கோடி வராவிட்டால், நாதியற்றுப் போனாள் என்று ஊர் சொல்லும். எங்கள் அப்பனும் ஆத்தாளும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிவனம்மாளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான்.

நானும் என் பெண்டாட்டி பழனியம்மாளும் கடைவீதிக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு சின்னாளப்பட்டிச் சேலை எடுத்தோம். பழனியம்மாளுக்கு அழுகை நிற்கவில்லை. பதினோரு மணிக்குக் கன்னிவாடி பஸ். நான் சேலைப் பொட்டலத்தோடு அவளையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன்.

பட்டறையில் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. பச்சை நிறம். கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்து துரை விட்டுப்போன பந்தயக் கார். பதின்மூன்று வருஷப் பழசு. சிறுமலையில் எஸ்டேட் மேனேஜராக இருந்த பாஸ்கல்தான் இப்போது அதற்குச் சொந்தக்காரர். அந்த மாதிரி வண்டி திண்டுக்கல்லிலேயே அது ஒன்றுதான். அதன் தண்ணீர் பம்ப் ஒழுக ஆரம்பித்து ஆறு மாதம். ஃபேனுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கும். மலையில் ஒரு வளைவு ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். பாஸ்கல் சீட்டில் இரண்டு தகர டின்னில் தண்ணீர் வைத்துக்கொண்டே ஓட்டினார். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கிற ஊரில், காருக்குத் தண்ணீர் கேட்டுக் குழாயடியில் அவர் வாங்காத வசவு கிடையாது. "பம்பை மாட்டினதும் நீங்களே இருபது மைல் ஓட்டிப் பாருங்க, சோலைமலை. அப்புறமா நான் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கன்னிவாடி பதினாறு மைல். அதுதான் என் மண்டையில் ஏறிவிட்டது.

"நீ பஸ்ஸுல முன்னாடி போ. நான் இதை மாட்டிட்டுக் கார்ல வாரேன்" என்றேன்.

பழனியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பச் சேலையைக் குடுங்க. நானாவது கொண்டுபோறேன்."

"பிறந்த வீட்டுக் கோடிடி. நான்தான் போடணும்."

"நேரமாயிறாதே?"

"ரெண்டு மணி நேர வேலை. ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிருவேன்."

அவள் வெறுங்கையோடு பஸ் ஏறப் போனாள். கிதருக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, இன்னிக்கா உனக்குக் கார் கேக்குது? அவகூடப் பஸ்ஸுல போ. வண்டி எங்கயும் ஓடிப் போயிறாது" என்றான்.

"உன் வேலையைப் பாரு" என்றேன்.

கையில் கிரீஸ் என்று சிரித்தார்களே, அந்த வாசலில் போய் பஸ் புழுதியோடு, கக்கத்தில் பொட்டலத்தோடு நிற்பதா? துரை ஓட்டிய காரில் போய் இறங்குவேன். வேலுசாமி பார்க்கட்டும். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் மனசில் இருந்தது இதுதான்.

வேலை சுளுவாகத்தான் ஆரம்பித்தது. ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் இறக்கினேன். ரப்பர் குழாய்களைக் கழற்றி, டைனமோவைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்து, ஃபேனையும் கழற்றி வைத்தேன். அதற்குப் பின்னால் பம்பை எஞ்சினோடு பிடித்திருப்பது நாலே போல்ட். மூன்று அசங்கிக் கொடுத்தன. அடியில் இருந்த நாலாவது அசையவே இல்லை. எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் ஆறு மாதமாக வடிந்து வடிந்து அதைத் துருவோடு துருவாக்கி வைத்திருந்தது.

"மண்ணெண்ணெய் ஊத்திச் செத்த நேரம் விடு, அப்பு. தானா இளகும்" என்றான் கிதர்.

அதெல்லாம் எனக்குத் தெரியாதா? வேலை பழக வந்த எத்தனையோ பேருக்கு நானே சொன்னதுதான். அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்பானரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி மூச்சைப் பிடித்து இழுத்தேன். கொண்டை உடைந்து கையோடு வந்துவிட்டது. போல்ட்டின் மிச்சம் எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மணி பன்னிரண்டரை. கிதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தான். "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலே. ஒரு மணி பஸ் இருக்கு. சேலையை எடுத்துக்கிட்டு ஓடு."

நான் போயிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு நடந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். மூன்று மணிக்கு முன்னால் தங்கையின் முகத்தைப் பார்த்திருப்பேன்.

"நான் போகாம எடுத்துருவாகளா?" என்று கேட்டேன். "பிறந்த வீட்டுக் கோடி இல்லாம எவன் தூக்குவான்? காத்துக் கெடக்கட்டும்."

காத்துக் கிடக்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்த வீட்டில் அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சோலைமலை இன்னும் வரவில்லையே என்று தவிப்பார்கள் என்பது எனக்கு இனித்தது. வெயிலில் கிடப்பது என் கூடப்பிறந்தவள் என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை.

கிதர் எனக்கு உதவி செய்ய உட்கார்ந்தான். ரேடியேட்டரையே முழுசாக இறக்கி வைத்து இடம் பண்ணிக்கொண்டு, கைத் துளைக்கருவியால் உடைந்த போல்ட்டின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்தோம். கோணினால் எஞ்சினே வீணாகிவிடும். அவன் சுற்றினால் நான் பிடிப்பேன், நான் சுற்றினால் அவன் பிடிப்பான். மிச்சம் துண்டு துண்டாக வெளியே வந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஓட்டையின் மரையைச் சரிசெய்து, ஒட்டிக் கிடந்த பழைய காகிதத்தைச் சுரண்டி எடுத்து, தடித்த காகிதத்தில் புது கேஸ்கெட் வெட்டி, இரண்டு பக்கமும் அரக்குப் பூசிப் பம்பைப் பொருத்தினேன். ஃபேன், பெல்ட், ரேடியேட்டர், குழாய்கள் என்று ஒவ்வொன்றாக ஏறின. கிதரின் பெண்டாட்டி ஜெய்தூன் பீவி வீட்டில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரில் ஒரு குடம் கொடுத்தனுப்பினாள். அதை ஊற்றி எஞ்சினை எழுப்பினேன்.

பம்புக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். துணியை எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தங்கை செத்த அன்றைக்கு ஒரு பம்ப் ஒழுகாததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

கிளம்பும்போது மணி ஆறாகப் போனது. சேலைப் பொட்டலத்தைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். "பாத்துப் போ" என்று மட்டும் சொன்னான் கிதர்.

பழனி ரோட்டில் வண்டி பிய்த்துக்கொண்டு பறந்தது. சூடு ஏறவே இல்லை. வழியெல்லாம் நான் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டு போனேன். வாசலில் கார் நிற்கும், கொட்டுச் சத்தம் நிற்கும், அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், கூட்டம் விலகி வழி விடும், நான் சேலையோடு நடந்து போவேன், வேலுசாமி தலை குனிவான். பதினாறு மைலில் சிவனம்மாளின் முகம் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் தெருவில் திரும்பியதும் தரையெல்லாம் பூ உதிர்ந்து கிடந்தது. பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவிய தண்ணீர் வாசற்படி வழியாகத் தெருவுக்கு வந்தது. கொட்டுச் சத்தம் இல்லை. காரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வண்டியை நிறுத்தாமல் ஓடைக்கரைப் பக்கம் விட்டேன்.

மலையடிவாரத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது. கொள்ளி வைத்துவிட்டு, ஓடையில் குளித்துக் கரையேறி, ஆண்கள் ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். காரைக் கண்டதும் வேலுசாமி கூட்டத்தைவிட்டுத் தனியாக, வேகமாக என்னிடம் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. நான் பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். அவன் கார்க் கதவை நான் இறங்க முடியாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், அது உள்ளயே இருக்கட்டும்."

"கோடி, மாப்ள. லேட்டாயிருச்சு. ஒரு போல்ட்டு…"

"கோடி போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"நீங்கதான்" என்றான். அழுது அழுது அவன் தொண்டை கட்டியிருந்தது. "அஞ்சு மணி வரைக்கும் பாத்தோம். இருட்டுறதுக்குள்ள எடுக்கணும்னு பெரியாளுக அவசரப்படுத்துனாக. பிறந்த வீட்டுக் கோடி எங்கேனு ஊரே கேக்குது. பஸ்ஸுல வந்த அக்கா பாவம், வெறுங்கையோட என்ன பண்ணும்? தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்த சேலையை உங்க தங்கச்சி கட்டவே இல்லை, மடி கலையாமப் பெட்டியில இருந்துச்சு. அதை அக்கா கையில குடுத்துப் போட வச்சேன். நீங்க குடுத்து விட்டீகன்னு சொல்லிட்டேன். அவளை நாதியத்தவன்னு எவனும் சொல்லிறக்கூடாதுல்ல, மச்சான்?"

அவன் பொட்டலத்தைப் பார்த்தான். "இப்ப இதை எடுத்தீகன்னா நான் சொன்னது பொய்னு ஆயிரும்."

நான் சேலையை சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அரக்கு நிறம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. அதையும் விரலால் உள்ளே குத்தி மறைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வேலுசாமி ஈரக் கையை என் முதுகில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

அதற்குள் மற்றவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வேலுசாமியின் பெரியப்பா சின்னக்கண்ணு, காதுகுத்தன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அழுகாதப்பு. முகம் பாக்கக் குடுத்து வைக்கலே, அதுக்கு என்ன செய்ய? நீ குடுத்து விட்ட சேலையில பிள்ளை அம்புட்டு அழகா இருந்துச்சு. ஏழு வருசம் பேசலேன்னாலும் தங்கச்சிக்கு ஒரு குறை வைக்கலே பாரு, அண்ணன்னா நீதான்யா அண்ணன்."

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமா மாமா" என்றேன். "நான்தான் குடுத்து விட்டேன்."